வெள்ளி கொடுத்து வாங்கியவர்கள், வரிப்பணத்தில் வாங்கியவர்கள்: ஆசியக் கடல் வணிகம் ஐரோப்பியர் கைக்குப் போனது எப்படி?

2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும், பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அது வாஸ்கோ ட காமா வந்த வழி. அந்த வழியைக் கண்டுபிடித்ததால்தான் ஐரோப்பியர் ஆசிய வணிகத்தைப் பிடித்தார்களா என்ற பழைய கேள்வியும் கூடவே திரும்பி வந்தது.

பள்ளிப் பாடத்தில் இந்தக் கதை இரண்டே வரியில் முடிந்துவிடும். 1498இல் வந்தார்கள், பிறகு ஆண்டார்கள். இந்த 'பிறகு'வின் நீளத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. காமா கோழிக்கோட்டுக்கு வந்ததிலிருந்து பிளாசிப் போர் வரை 259 ஆண்டுகள். பிளாசியிலிருந்து இன்றுவரையும் ஏறக்குறைய அதே அளவுதான். அவ்வளவு காலம் ஐரோப்பியர் இங்கே பல வணிகக் கூட்டங்களில் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். சில இடங்களில் மிரட்டினார்கள், பல இடங்களில் கைகட்டி நின்றார்கள். நிலைமை எப்போது, எதனால் மாறியது என்று பார்க்க வேண்டுமானால் கப்பலை மட்டும் பார்த்தால் போதாது. வாங்கிய சரக்குக்கு அவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

முதலில், அவர்கள் வருவதற்கு முன் இருந்த ஏற்பாடு

இந்தியப் பெருங்கடலின் வணிகத்துக்குக் கால அட்டவணை போட்டது காற்று. ஆண்டில் பாதி தென்மேற்கிலிருந்து, மீதி வடகிழக்கிலிருந்து. காமா 1498 ஏப்ரலில் ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியிலிருந்து உள்ளூர் வழிகாட்டியின் உதவியோடு புறப்பட்டு 23 நாளில் மலபார் வந்து சேர்ந்தார். திரும்பும்போது காற்றின் கணக்கைப் பொருட்படுத்தாமல் கிளம்பியதால் அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. வழியில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

ஒரே காற்றில் அரேபியாவிலிருந்து சீனாவுக்குப் போய்விட முடியாது. நடுவில் எங்காவது இறங்கி, காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த இடங்கள்தான் கோழிக்கோடு, காம்பே, மலாக்கா போன்ற சந்தைத் துறைமுகங்கள். மாதக்கணக்கில் தங்கும் அயல்நாட்டு வணிகருக்குத் தங்க இடம், தொழ இடம், வழக்குத் தீர்க்க ஓர் ஆள் எல்லாம் தேவை. மலாக்காவில் அதற்கு நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பர்மாவின் பெகு ஆகிய ஊர்க்காரர்களுக்கு ஒருவர், ஜாவா, கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகள் பக்கத்தாருக்கு ஒருவர், சீனர், சம்பா, ரியூக்யூ வணிகருக்கு ஒருவர். மொழி தெரியாத ஊரில் தன் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வேறு வேறு மொழியும் மதமும் கொண்டவர்கள் தங்களுக்குள் செய்யும் இத்தகைய வணிகத்தில் இரண்டு தரப்பு உண்டு. ஒன்று, ஊர் ஊராகத் தங்கள் சொந்தக்காரர்களைக் குடியமர்த்தி வைத்திருந்த வணிகச் சமூகங்கள். தமிழகத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் சுமத்ராவின் பாருஸ் பக்கம் தமிழிலேயே கல்வெட்டு வைத்தவர்கள். இன்னொன்று, சுங்கம் வாங்கிக்கொண்டு பாதுகாப்புத் தரும் துறைமுக அரசர்கள். காகதீய கணபதிதேவன் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெட்டி வைத்த அபய சாசனம் இதற்கு நல்ல சாட்சி. புயலில் கரை ஒதுங்கும் கப்பலின் சரக்கை அரசர்கள் பிடுங்கிக்கொள்வது அதுவரை வழக்கம். இனி குறித்த சுங்கம் மட்டுமே வாங்குவேன், மற்றதெல்லாம் வணிகருக்கே என்று அந்தக் கல்லில் எழுதி வைத்தான். தரும சிந்தனை ஒரு பக்கம். பிடுங்குகிற துறைமுகத்துக்கு அடுத்த ஆண்டு கப்பல் வராது என்ற கணக்கு இன்னொரு பக்கம்.

இதை வைத்து ஆசியக் கடல் அமைதிப் பூங்காவாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. ராஜேந்திர சோழன் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையோடு போனது சுற்றுலாவுக்கு அல்ல. கடற்கொள்ளையரும் இருந்தார்கள். ஆனால் திறந்த கடலில் போகும் எல்லாக் கப்பலும் தன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நிலையாக ஓர் ஏற்பாட்டை எந்த அரசும் செய்துவைக்கவில்லை. சண்டை துறைமுகத்துக்காக நடந்தது. கடல் யாருக்கும் சொந்தமில்லை.

பரிசுப் பெட்டியில் ஆறு தொப்பி

கோழிக்கோட்டு அரசர் சாமூதிரிக்குக் கொடுக்க காமா எடுத்து வைத்த பரிசுகளின் பட்டியல், அந்தப் பயணத்தில் கூட வந்த ஒருவரின் குறிப்பேட்டில் இருக்கிறது: 12 துண்டு கோடுபோட்ட துணி, 4 சிவப்பு முக்காடு, 6 தொப்பி, 4 பவளச் சரம், கை கழுவும் கிண்ணம் 6 கொண்ட ஒரு பெட்டி, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். பார்த்த அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட நன்றாகக் கொடுப்பான் என்றார்கள்.

இதற்கு 90 ஆண்டு முன்பு சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த காணிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1409ஆம் ஆண்டிட்ட காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் அதைப் பட்டியலிடுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். சீனப் பகுதியில் புத்தருக்கு, தமிழ்ப் பகுதியில் தேனவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதியில் இஸ்லாமுக்கு. செங் ஹேயின் கப்பல் கூட்டத்தோடு ஒப்பிட்டால் காமாவின் நான்கு கப்பல்கள் மீன்பிடிப் படகு மாதிரி. ஆனால் 1433க்குப் பிறகு மிங் அரசு அந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. தன் குடிகளின் கடல் வணிகத்துக்கு இருந்த தடையை 1567இல்தான் தளர்த்தியது. போட்டிக்கு வந்திருக்கக்கூடிய ஒரே பெரிய கடற்படை தானாகவே களத்தை விட்டுப் போய்விட்டது.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு பொருளாதார உண்மை இருந்தது. ஆசியாவுக்கு விற்க ஐரோப்பாவிடம் சரக்கில்லை. நம் வெயிலில் ஐரோப்பியக் கம்பளியை யார் வாங்குவார்கள்? மிளகும் பருத்தித் துணியும் பட்டும் பீங்கானும் இந்தப் பக்கம்தான் இருந்தன. விற்க எதுவும் இல்லாதவன் சந்தையில் எப்படி நுழைவான்?

அவர்கள் விற்றது பாதுகாப்பு

போர்ச்சுகீசியரிடம் ஒன்று இருந்தது. அட்லாண்டிக் கடலின் அலைக்கு ஏற்றபடி கட்டிய, பீரங்கி சுடும் அதிர்ச்சியைத் தாங்கும் கப்பல். மலபாரிலும் அரபுக் கரையிலும் ஓடிய கலங்கள் பல தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. பழுது பார்க்க எளிது, தரைதட்டினாலும் வளைந்து கொடுக்கும். பீரங்கிச் சண்டைக்கு ஆகாது. 1509இல் தியூவுக்கு வெளியே எகிப்து, குஜராத், கோழிக்கோடு மூன்றும் சேர்ந்த கப்பல் படையைப் போர்ச்சுகீசியர் தோற்கடித்தார்கள். 1510இல் கோவா, 1511இல் மலாக்கா, 1515இல் ஹோர்முஸ் என்று சந்தைத் துறைமுகங்களைப் பிடித்தார்கள். ஏடன் மட்டும் 1513இல் பிடி கொடுக்கவில்லை. அந்தத் தோல்வியின் விளைவு பின்னால் வரும்.

பிடித்த பிறகு செய்ததுதான் புதுமை. 'கர்தாஸ்' என்ற கடவுச்சீட்டு. சீட்டில் கப்பலின் பெயர், தலைவன், எத்தனை ஆள், என்ன ஆயுதம், எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் இருக்கும். மிளகு போன்ற சில சரக்குகளை ஏற்றக் கூடாது. போகும் வழியில் போர்ச்சுகீசியத் துறைமுகம் ஒன்றில் நின்று சுங்கம் கட்ட வேண்டும். சீட்டுக்கான கட்டணம் சொற்பம்தான். உண்மையான வசூல் அந்தச் சுங்கத்தில் இருந்தது. சீட்டில்லாத கப்பல் கண்ணில் பட்டால் சரக்கு பறிபோகும், சில நேரம் உயிரும்.

இங்கே ஒரு கலைச்சொல்லை விளக்கிவிட வேண்டும். காப்புச் செலவு: சரக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வணிகன் கொடுக்கும் எல்லாம். சுங்கம், கையூட்டு, காவலாள் கூலி, கொள்ளை போகும் என்று ஒதுக்கி வைக்கும் தொகை, இன்றைய காப்பீட்டுக் கட்டணம், அத்தனையும் இதில் அடங்கும். மிளகின் விலையில் மிளகுக் கொடி வளர்த்தவனுக்குப் போனது சிறு பகுதி. பெரும் பகுதியை விழுங்கியது போக்குவரத்தும் காப்புச் செலவும்தான். போர்ச்சுகீசியர் கண்ட வருமானம் அங்கே இருந்தது. அவர்கள் யாரிடமிருந்து பாதுகாப்பு விற்றார்கள்? பெரும்பாலும் தங்களிடமிருந்தே. கடைவீதியில் மாமூல் வசூலிக்கும் ரவுடி செய்வதும் இதுதான். இவர்கள் அதற்கு அரச முத்திரை குத்தினார்கள்.

முகலாயப் பேரரசர்களும் இதற்குத் தப்பவில்லை. சூரத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போகும் கப்பல்களுக்கும் அந்தச் சீட்டு வேண்டியிருந்தது. 1613இல் ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான ரஹீமி என்ற கப்பலைப் போர்ச்சுகீசியர் பிடித்துக்கொண்டு போனார்கள். தரையில் அவரை எதிர்க்க ஆளில்லை. கடலில் அவருடைய தாயாரின் கப்பலுக்கே காவல் இல்லை.

ஆனாலும் 16ஆம் நூற்றாண்டு போர்ச்சுகீசியர் நூற்றாண்டு அல்ல

கோவாவின் தேவாலயங்களைப் பார்த்துவிட்டு அவர்கள் கடலையே ஆண்டார்கள் என்று நினைப்பது இயல்பு. எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை.

1. ஏடன் கைக்கு வராததால் செங்கடல் வாசல் திறந்தே கிடந்தது. சில பத்தாண்டு தடுமாற்றத்துக்குப் பிறகு, 1560களில் அலெக்சாண்ட்ரியா வழியாக வெனிசுக்குப் போன மிளகு பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. சுமத்ராவின் அச்சே சுல்தானகத்து மிளகு போர்ச்சுகீசியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுச் செங்கடலுக்குப் போனது.

2. போர்ச்சுகலின் மொத்த மக்கள்தொகை 15 லட்சத்தை எட்டாது. மொசாம்பிக்கிலிருந்து மக்காவ் வரை கோட்டைகளுக்கு ஆள் போட்டாக வேண்டும். மலபாரில் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக இருந்த குஞ்ஞாலி மரைக்காயர்கள் சிறு படகுகளை வைத்துக்கொண்டு பல பத்தாண்டு அவர்களைத் தூங்கவிடவில்லை. நான்காம் குஞ்ஞாலியைக் கோவாவில் கொன்றது 1600இல். அதற்கும் சாமூதிரியின் படை கூட இருக்க வேண்டியிருந்தது.

3. சீனத்திடம் பாச்சா பலிக்கவில்லை. 1521, 1522இல் மிங் கப்பல்களிடம் அடி வாங்கினார்கள். 1557இல் மக்காவில் குடியேறியது வாடகைக்கு.

4. உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் ஒரு கப்பல்கூட நகரவில்லை. மலாக்காவைப் பிடித்த கையோடு பெகுவுக்கு அனுப்பிய கப்பலில் பாதி முதல் நைனா சாத்து என்ற தமிழ் வணிகருடையது. அவருக்கு அங்கே பெந்தகாரா என்ற பெரும் பதவியும் கொடுத்தார்கள். 1514இல் பதவியைப் பிடுங்கியபோது அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதிகாரிகளின் சொந்த வியாபாரமும் ஒரு காரணம். சீட்டு கொடுக்க வேண்டியவரே தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நோய்க்கு நாடு, காலம் எதுவும் இல்லை.

சாகாத வணிகன்

1600 டிசம்பர் 31இல் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் வாங்கினார்கள். 1602இல் டச்சுக்காரர் தங்கள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் சுருக்கப் பெயரும் வி.ஓ.சி.தான். தூத்துக்குடியை 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்ததும் இந்த வி.ஓ.சி.யே என்பது வரலாற்றின் குறும்பு.

டச்சுக் கம்பெனியின் தொடக்க முதல் ஏறக்குறைய 64 லட்சம் கில்டர். அதே காலத்து ஆங்கிலக் கம்பெனியின் முதலைப் போலப் பத்து மடங்கு. பணம் போட்டவர்கள் பெருவணிகர்கள் மட்டுமல்ல. ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டில் 100 கில்டர் போட்ட ஒரு வீட்டு வேலைக்காரியின் பெயரும் இருக்கிறது. பங்கு வேண்டாம் என்றால் கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, இன்னொருவருக்கு விற்கலாம். இதுதான் முக்கியம். பணம் போட்டவர் வெளியேறினாலும் பணம் உள்ளேயே இருந்தது.

ஆசிய வணிகர்கள் ஏழைகள் அல்ல. சூரத்தின் வீர்ஜி வோரா ஆங்கிலக் கம்பெனிக்கே கடன் கொடுத்தவர். ஒரே ஆண்டில் வந்த மிளகு முழுவதையும் தனியாளாக வளைத்து விலை வைக்கக்கூடியவர். ஆனால் அவருடைய முதல் அவர் குடும்பத்தின் முதல். அவர் இறந்தால் பங்கு பிரியும். 1664இல் சிவாஜி சூரத்தைச் சூறையாடியபோது நஷ்டம் அவர் வீட்டுக்கு. கம்பெனிக்குக் கப்பல் மூழ்கினால் ஆயிரம் பேர் தலையில் கொஞ்சம் கொஞ்சம்.

இன்னொரு வேறுபாடு பட்டயத்திலேயே இருந்தது. கோட்டை கட்டலாம், படை வைக்கலாம், அரசர்களோடு உடன்படிக்கை செய்யலாம். காப்புச் செலவைப் போர்ச்சுகீசியர் மற்றவரிடம் வசூலித்தார்கள். டச்சுக்காரர் அதைத் தங்கள் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார்கள். பீரங்கிக்கு இவ்வளவு, மிளகுக்கு இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று ஒரே ஏட்டில். எந்தச் சண்டை கட்டும், எது கட்டாது என்று கணக்குப் போட்டே இறங்கினார்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமாகும் என்பதற்குப் பாண்டா தீவுகள். ஜாதிக்காய் அப்போது உலகில் அங்கே மட்டும் விளைந்தது. 1621இல் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு போனார். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் ஓராயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்பது மதிப்பீடு. மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் இறந்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். காலியான தோப்புகளில் அடிமைகளை வைத்துச் சாகுபடி நடந்தது. கிராம்பை அம்போன் பக்கம் மட்டும் விட்டுவைத்து மற்றத் தீவுகளில் மரங்களையே வெட்டினார்கள். இலங்கையின் கறுவாவையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தார்கள்.

மிளகில் மட்டும் இது பலிக்கவில்லை. மலபார், சுமத்ரா, ஜாவா என்று அது பல ஊரில் விளைந்தது. ஓர் ஊரை அடைத்தால் இன்னோர் ஊர் விற்கும். ஏகபோகம் வந்தது சின்னத் தீவுக்குள் அடங்கும் பயிர்களில் மட்டும்தான்.

கிராம்பு வாங்கத் துணி, துணி வாங்க வெள்ளி

பாண்டாக்காரருக்கும் மலுக்குக்காரருக்கும் ஐரோப்பியப் பொருள் எதுவும் வேண்டாம். வேண்டியது அரிசியும் துணியும். துணி என்றால் சோழமண்டலத்துத் துணியும் குஜராத்துத் துணியும். அதனால்தான் மலுக்குவில் கிராம்பு தேடிப் போன டச்சுக்காரர் மசூலிப்பட்டினத்தில் கடை போட்டார்கள், 1610இல் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சக் காலங்களில் வயிற்றுக்காக விற்கப்பட்ட மனிதர்களும் டச்சுக்காரரின் தலைமையிடமான பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள்.

அந்தச் சுற்று இப்படி ஓடியது:

1. ஜப்பானில் சீனப் பட்டைக் கொடுத்து வெள்ளியும் செம்பும் வாங்குவது.
2. வெள்ளியைக் கொண்டுவந்து சோழமண்டலத்தில் துணி வாங்குவது.
3. துணியைத் தென்கிழக்காசியத் தீவுகளில் கொடுத்து மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்குவது.
4. அதில் ஒரு பகுதியை ஆசியாவிலேயே விற்று, மீதியை ஐரோப்பாவுக்கு அனுப்புவது.

இது ஐரோப்பியர் கண்டுபிடித்த சுற்று அல்ல. குஜராத்திகளும் மரைக்காயர்களும் சீனர்களும் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய சுற்று. டச்சுக்காரர் அதில் ஏறிக்கொண்டார்கள்.

ஜப்பான் வெள்ளி போதாது. மீதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1545இல் பொலிவியாவின் பொடோசியில் ஸ்பானியர் வெள்ளி மலையைக் கண்டார்கள். வெட்டியெடுக்க அந்நாட்டுப் பழங்குடிகளைக் கட்டாயமாக இறக்கினார்கள். 1571இல் மணிலா ஸ்பானியத் துறைமுகமானதும் அந்த வெள்ளி பசிபிக் வழியாக நேரே சீனாவுக்கும் போனது. அங்கே வரியையே வெள்ளியில் கட்டச் சொல்லிவிட்டார்கள், தாகம் அடங்கவில்லை. ஆங்கிலக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கே அனுப்பியதில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு வெள்ளியும் பொன்னுமாகவே இருந்தது. இதற்காக லண்டனில் கம்பெனியை நாட்டுச் செல்வத்தை நாசமாக்குகிறவர்கள் என்று திட்டினார்கள். போதாக்குறைக்கு இந்திய அச்சுத் துணி அங்கே நெசவாளர் பிழைப்பைக் கெடுத்தது. 1700, 1721 என்று இரண்டு தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் பறித்த வெள்ளி இல்லாமல் ஐரோப்பியர் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கவே முடியாது. கப்பல் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அரசர்கள் ஏன் விட்டார்கள்?

ஏமாந்தார்கள் என்று எழுதுவது சுலபம். அவர்கள் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. பெரிய அரசுகளின் வருமானம் நிலவரி. கடற்சுங்கம் அதில் சிறு துண்டு. கம்பெனிகள் கொண்டுவந்த வெள்ளி நாணயச் சாலைக்குப் போய் ரூபாயானது. அந்த ரூபாயில்தான் வரி வசூலானது, படைக்குச் சம்பளம் போனது. கடற்கரை நாயக்கர்களுக்குச் சுங்கமே பெரிய வரவு. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ்காரருக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்து, டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் கடிதம் அனுப்பினார். 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கரையில் இடம் கிடைத்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரன், தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியன் என்று நாலு பேர் போட்டி போட்டால் நெசவாளிக்கும் நல்ல விலை, நாயக்கருக்கும் நல்ல சுங்கம்.

மிஞ்சினால் அடக்கவும் தெரிந்திருந்தது. 1686இல் ஆங்கிலக் கம்பெனி ஔரங்கசீப்பை எதிர்த்துச் சண்டை போட்டுப் பார்த்தது. 1690இல் மன்னிப்புக் கேட்டு ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டியது. 1662இல் டச்சுக்காரரைத் தைவானிலிருந்து துரத்தினார் சீனத் தளபதி செங் செங்கொங். 1698இல் ஓமானியர் மொம்பாசா கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்து, பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வைத்தே தன் படைக்குப் பயிற்சி கொடுத்தது. ஜப்பான் 1641 முதல் டச்சுக்காரரை நாகசாகியின் தெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவுக்குள் அடைத்து வைத்திருந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு 1742இல் யாராவது 'நூறு ஆண்டில் இந்தக் கடல் முழுவதும் இவர்களுடையது' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அடையாற்றங்கரையில் ஒரு பகல்

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். சொன்னபடி தன்னிடம் ஒப்படைக்கவில்லை என்று ஆற்காட்டு நவாபு மகன் மஃபூஸ் கானைப் பத்தாயிரம் பேரோடு அனுப்பினார். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அவர்களை எதிர்கொண்டது ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட ஒரு பிரெஞ்சுப் படை. பெரும்பகுதி ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். ஆற்றைக் கடந்து வரிசையாக நின்று சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். நவாபின் படை சிதறியது.

மொத்தமாகப் பார்த்தால் சின்னச் சண்டை. ஆனால் கடலில் மட்டும் செல்லுபடியான ஒன்று தரையிலும் செல்லும் என்று அன்று தெரிந்துபோனது. அந்தப் படைக்குத் தேவையானது ஐரோப்பிய ஆள் அல்ல, மாதம் தவறாத சம்பளம். முகலாயப் பிடி தளர்ந்து, மாகாண நவாபுகள் ஒருவரையொருவர் கவிழ்க்கக் காத்திருந்த காலம். சம்பளம் கொடுக்கக்கூடிய கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

வங்காளத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 1757இல் பிளாசிப் போர். அங்கே ஆங்கிலக் கம்பெனியோடு கைகோத்தவர்களில் ஜகத் சேட் என்ற பெரும் வட்டிக்கடைக் குடும்பமும் உண்டு. கம்பெனி வெள்ளியில் வளர்ந்த நிதிச் சந்தை, கம்பெனியின் பக்கமே சாய்ந்தது. 1764இல் பக்சார் போர். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் வங்காளம், பிகார், ஒரிசாவின் திவானி உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். திவானி என்றால் நிலவரி வசூலிக்கும் உரிமை.

இனி நடந்ததைக் கவனியுங்கள். அதுவரை லண்டனிலிருந்து வெள்ளி வந்தது. அதைக் கொடுத்து வங்காளத்துத் துணி வாங்கினார்கள். இனி வங்காளத்து உழவனிடம் வசூலித்த வரியில் வங்காளத்து நெசவாளியிடம் துணி வாங்கி லண்டனுக்கு அனுப்பலாம். கணக்கேட்டில் இதற்கு 'முதலீடு' என்று பெயர். வங்காளத்துக்கு வெள்ளி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. 1770இல் பெரும் பஞ்சம் வந்தபோதும் வரி வசூல் நிற்கவில்லை.

விற்க எதுவும் இல்லாமல் ஆறு தொப்பியோடு வந்தவர்களின் பிரச்சினை தீர்ந்தது அந்த 1765இல்தான். 1498ஐவிட 1765ஐ நான் பெரிய ஆண்டாகச் சொல்வது இதனால்.

தறிக்கு முன்னால் என்ன மாறியது?

தென்னிந்திய நெசவாளிக்குத் துணி ஏற்பாடு முன்பணத்தில் நடந்தது. கம்பெனி வணிகரிடம் பணம் கொடுக்கும். வணிகர் தரகர் வழியாக நெசவாளிக்குக் கொடுப்பார். பாவில் எத்தனை இழை என்பதைப் புஞ்சக் கணக்கில் சொல்லி, நீள அகலம் பேசி முடிப்பார்கள். நெசவாளி கையில் ஒரு பலமான துருப்புச்சீட்டு இருந்தது. வேறொருவர் அதிக விலை தருகிறார் என்றால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கலாம். பணம் கொடுத்தவருக்கு அந்த உரிமை கிடையாது. பருத்தி விலை ஏறினால் அதே விலைக்கு இழையைக் குறைத்து நெய்வதும் உண்டு. வணிகர் முனகிக்கொண்டே வாங்கிப் போவார். கொடுமை தாங்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு பக்கத்து நாயக்கர் சீமைக்குப் போய்விடுவார்கள். அங்கே வரவேற்பு இருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இவை ஒவ்வொன்றாகப் போயின. வாங்குகிறவனே அரசாங்கமாகிவிட்டான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகுவது குற்றமானது. வேறொருவருக்கு விற்றால் தண்டனை. துணி முடியும்வரை வீட்டு வாசலில் பியூன்; அவனுக்குப் படியும் நெசவாளி கணக்கில். இடையிலிருந்த உள்ளூர் வணிகரைக் கழற்றிவிட்டு, சம்பளத்துக்கு வேலைபார்க்கும் குமாஸ்தாவைப் போட்டார்கள். ஓடிப்போகலாம் என்றால் பக்கத்துச் சீமையும் கம்பெனி சீமை. லங்காஷயரின் ஆலைத் துணி வந்து இந்த நெசவை அடித்தது இதற்கும் பிறகு. அது வருவதற்கு முன்பே பேரம் பேசும் பலம் நெசவாளி கையைவிட்டுப் போயிருந்தது.

சீனாவின் முறை

சீனா மட்டும் மிச்சம். தேயிலை அங்கேதான் கிடைத்தது. 1784இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 சதவிகிதத்திலிருந்து 12.5 சதவிகிதமாகக் குறைத்ததும் தேவை எகிறியது. கான்டன் என்ற ஒரே துறைமுகத்தில், அரசு அனுமதித்த சீன வணிகர்களிடம் மட்டுமே வாங்கலாம், விலை வெள்ளியில். சீனாவில் திவானி கிடைக்காது. அதற்குப் பதில் வங்காளத்தில் கம்பெனி ஏகபோகமாக விளைவித்து ஏலம்விட்ட அபின் போனது. 1839இல் சீனப் பேரரசரின் அதிகாரி லின் செசூ 20,000 பெட்டிக்கு மேல் அபினைப் பறிமுதல் செய்து அழித்தார். போர் மூண்டது. நீராவியில் ஓடும் இரும்புப் போர்க்கப்பல் சீன ஆறுகளுக்குள்ளேயே ஏறிப் போனது. 1842 நான்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங், ஐந்து துறைமுகங்கள், 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் இழப்பீடு.

ஆதிக்கம் என்றால் எந்த மட்டத்தில்?

ஆசிய வணிகர்கள் அழிந்துவிடவில்லை. சூலியா மரைக்காயர்கள் பினாங்கில் கடை வைத்தார்கள். பார்சிகள் அபின் கப்பலில் பங்கு போட்டார்கள். நகரத்தார் ரங்கூன், சைகோன் என்று பரவினார்கள். பர்மிய உழவனுக்கு நகரத்தார் கடன் கொடுத்தார். நகரத்தாருக்கு ஐரோப்பிய வங்கி கடன் கொடுத்தது. ஐரோப்பியர் வைத்துக்கொண்டது மேல்மட்டத்தை: நீராவிக் கப்பல், நாணயமாற்று வங்கி, காப்பீடு. 1869இல் சூயஸ் திறந்ததும் அந்த மேல்மட்டம் இன்னும் இறுகியது.

அதில் ஒரு படியில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடி பார்த்தது. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடி–கொழும்பு வழியில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை விட்டார். பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றியது, போதாமல் ஆளுக்கொரு குடையும் கொடுத்தது. 1908இல் அவர் சிறைக்குப் போனார். கம்பெனி நொடித்து, கப்பல்கள் விலைபோயின.

கப்பல்களில் பெரும்பங்கு இன்று ஆசியத் தளங்களில் கட்டப்படுகிறது. பெரிய துறைமுகங்களும் ஆசியாவில்தான். ஆனால் 2023 டிசம்பரில் செங்கடலின் எந்தப் பகுதிவரை ஆபத்துப் பகுதி என்ற பட்டியலைத் திருத்தி அறிவித்தது லண்டன் காப்பீட்டுச் சந்தையின் ஒரு குழு. எல்லை 15 பாகை வடக்கிலிருந்து 18 பாகைக்கு நகர்ந்தது. கோட்டுக்குள் நுழையும் கப்பல் கூடுதல் காப்பீட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும்: கப்பலின் பெயர், எங்கிருந்து, எங்கே.